பாதிக்கு மேலே காற்று

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பாத்திரமாக வாங்கிவிடலாம் என்று சொன்னது ஹீனெக்தான். இதை அவன் இன்றுவரை மறுத்ததில்லை. மறுக்கவும் முடியாது. கடையில் அன்று லுபோஷ் இருந்தான், இருவரின் மனைவிகளும் இருந்தார்கள், எல்லோர் காதிலும் அவன் குரல் நன்றாகவே விழுந்தது.

ப்ரெரோவ் ஊரின் ஓரத்தில், சரக்கு ரயில்கள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரே கூரைக்குக் கீழே நடுவில் சுவர் வைத்துக் கட்டிய இரட்டை வீடு அவர்களுடையது. இந்தப் பக்கம் ஹீனெக்கும் யித்காவும். அந்தப் பக்கம் லுபோஷும் க்வேத்தாவும், அவர்கள் ஒரே மகள் ஷார்க்காவும். ஹீனெக் லிஃப்ட் பழுது பார்ப்பவன். லுபோஷ் சரக்கு ரயில் ஓட்டுபவன். மேலே சுவர் இருந்ததே தவிர, கீழே நிலவறை ஒன்றுதான். இரண்டு வீட்டிலிருந்தும் அதற்குப் படி இறங்கும். உருளைக்கிழங்கு மூட்டை, ஊறுகாய் ஜாடி, காற்றுப்போன சைக்கிள் எல்லாம் அங்கே கலந்து கிடந்தன. எது யாருடையது என்று கேட்டால் இருவருமே தலையைச் சொறிவார்கள்.

ஆரம்பத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளியில் பீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாளி நன்றாக வரும், மற்றவனுடையது புளித்துப்போகும். அடுத்த முறை அது தலைகீழாகும். இந்த விளையாட்டு போதும், நல்ல எவர்சில்வர் பாத்திரமாக வாங்கிவிடலாம் என்றுதான் அன்று நால்வரும் கிளம்பிப் போனார்கள்.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண். அவளிடம் பத்து லிட்டரிலிருந்து நூறு லிட்டர் வரை வரிசையாக அடுக்கியிருந்தது.

"ரெண்டு வீட்டுக்கு" என்றான் லுபோஷ்.

"அப்போ இருபத்தஞ்சுல ரெண்டு குடும்மா" என்று முந்திக்கொண்டாள் அவன் மனைவி க்வேத்தா. "ஆளுக்கு ஒண்ணு. அவனது கெட்டா அவன் அழட்டும், இவனது கெட்டா இவன் அழட்டும்."

"ரெண்டு எதுக்கு? ரெண்டைக் கழுவணும், ரெண்டைக் காவல் காக்கணும்" என்றான் ஹீனெக். "ஐம்பதுல ஒண்ணு போதும். ஒரே பாத்திரம், ஒரே ருசி. எங்க ரெண்டு பேருக்குள்ள என்ன பாகப்பிரிவினையா வரப்போகுது?"

"கேட்டுக்கோ" என்று லுபோஷ் அவன் தோளில் கையைப் போட்டான். "இவனையே கட்டியிருக்கலாம் நான்."

"இப்பவும் கட்டிக்கோ" என்றாள் யித்கா. "எனக்கு ஒரு ஆள் துணி துவைக்கறது மிச்சம்."

கடைக்காரப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் கொடுத்தாள். "பெருசு வாங்கறது தப்பில்ல. ஆனா எப்பவும் நிரப்பி வைக்கற ஆளா இருக்கணும். மேல நுரைக்குக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். வாய் வரைக்கும் ஊத்தினா பொங்கும். பாதியில விட்டீங்கன்னா மேல நிக்கற காத்து பீரைத் தின்னுடும்."

"எங்க பீரைக் காத்து வந்து திங்கற வரைக்கும் நாங்க விட்டுவெப்போமா?" என்றான் லுபோஷ். அந்த நகைச்சுவைக்கு ஹீனெக்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தான்.

பாத்திரத்துக்கான பணத்தைப் பாதிப் பாதியாகப் போட்டார்கள். முளைகட்டிய பார்லியான மால்ட்டையும் கசப்புப் பூவான ஹாப்ஸையும் போட்டுக் காய்ச்சுவதற்கான பெரிய பானை லுபோஷிடம் இருந்தது. முற்றத்தில் அவன் காய்ச்சுவான். ஆறவைத்து ஈஸ்ட் போட்டு நிலவறையில் இறக்கிய பிறகு பார்த்துக்கொள்வது ஹீனெக்கின் பொறுப்பு. குளிர் காலத்தில் அந்த நிலவறை பீருக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். பொங்கும் நாட்களில் பீரிலிருந்து எழும் வாயுவே மேலே போர்வைபோல் நின்று காற்றை அண்டவிடாது. பொங்கி ஓய்ந்ததும் இன்னும் சில வாரம் மூடியைத் திறக்காமல் ஊறவிடுவார்கள். பிறகு ஒரே நாளில், நால்வருமாக உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை பாட்டிலில் அடைப்பார்கள். வருஷக்கணக்காக இந்த முறை மாறவில்லை. பாத்திரம் ஒருநாளும் பாதியில் நின்றதில்லை.

அந்தக் குளிர் காலத்தில் போட்ட பீர் ஷார்க்காவின் கல்யாணத்துக்கு. கல்யாணம் வசந்தத்தில். லுபோஷின் பங்கு கல்யாண மேஜைக்கு என்பது பேச்சு. ஹீனெக் தன் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதென்று மனதுக்குள் முடிவு செய்திருந்தான். யித்காவிடம் மட்டும் சொன்னான்.

"அவன்கிட்ட இப்பவே சொல்லிடு, சந்தோஷப்படுவான்" என்றாள் அவள்.

"சும்மாவா சொல்றது? பீர்க்கடையில, எல்லாரும் இருக்கறப்ப சொல்றேன். மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

அந்த ஆசைதான் வினையாகப் போயிற்று. ஊர் பீர்க்கடைக்கு அவன் கொஞ்சம் தாமதமாகப் போனான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் லுபோஷின் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா வந்திருந்தார். சம்பந்திக்கு முன்னால் லுபோஷுக்குக் குரல் இரண்டு மடங்காகியிருந்தது.

"கடை பீர் எதுக்குங்க? என் பீர் இருக்கு. நானே காய்ச்சினது. குடிச்சுப் பார்த்தா நம்ப ஊர் பீர்க் கம்பெனிக்காரனே வேலையை விட்டுடுவான்."

என் பீர். நானே காய்ச்சினது. ஹீனெக் கையை ஆணியிலிருந்து எடுக்காமலே நின்றான். இரவும் பகலும் நிலவறைக் குளிரில் குந்தி உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்தது யார்? அந்த ஈஸ்ட்டைத் தேடி ஒலொமௌட்ஸ் நகரம் வரை போய் வந்தது யார்? இன்னும் அரை நிமிஷம் நின்று கேட்டிருந்தால் அவன் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் அவன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். ஐம்பத்தெட்டு வயது மனிதன், பள்ளிக்கூடப் பையன்போல் உதட்டைக் கடித்துக்கொண்டு வீடு வரை நடந்தான்.

மறுநாள் லுபோஷ் மூன்று நாள் ஓட்டத்துக்குப் போய்விட்டான். ஹீனெக் காலையிலேயே நிலவறைக்கு இறங்கினான். பாட்டில்களைக் கழுவினான். பாத்திரத்தின் அடிக்குழாயைத் திறந்து தன் பாதியை, சரியாகத் தன் பாதியை மட்டும், அடைத்து எடுத்தான். நியாயம் தவறக்கூடாது என்று இரண்டு பாட்டில் குறைவாகவே எடுத்துக்கொண்டான். பிறகு மூடியை நன்றாகத் துடைத்து இறுக்கினான். பாத்திரத்தின் வயிற்றில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான். கோட்டுக்குக் கீழே இருப்பது லுபோஷுடையது, வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

யித்கா படியில் நின்று பார்த்தாள். "என்ன செய்யறே? எப்பவும் சேர்ந்துதானே அடைப்பீங்க?"

"அவன் பீரை அவனே அடைச்சுக்குவான். அவனே காய்ச்சினதாம்."

"யாரு சொன்னா?"

"அவன்தான். ஊர் பூரா கேட்க."

"பாதியில விட்டா ஆகாதுன்னு நீதானே எனக்குப் பாடம் எடுப்பே?"

"மூணு நாள்ல வந்துடுவான். அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது."

உண்மைதான். மூன்று நாளில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. பீர் பொங்கி ஓய்ந்துவிட்டிருந்தது. காற்றை விரட்ட அதனிடம் இனி வாயு கிடையாது. என்றாலும் லுபோஷ் வந்த கையோடு பாட்டிலில் அடைத்திருந்தால் தப்பித்திருக்கும். அதற்கு அவனிடம் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம். 'என் பாதியை எடுத்துட்டேன், உன்னதை உடனே அடைச்சுடு.' லுபோஷ் ஓட்டம் முடிந்து வந்தபோது ஹீனெக் ஜன்னலில்தான் நின்றிருந்தான். பார்த்தும் பாராததுபோல் திரையை இழுத்துவிட்டான்.

லுபோஷ் இரண்டு முறை கதவைத் தட்டினான். முதல் முறை ஹீனெக் குளிக்கிறான் என்று யித்கா சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை அவனே திறந்து, "வேலை இருக்கு" என்றான். லுபோஷ் முகத்தில் ஒரு கேள்வி வந்து, நின்று, போயிற்று. ரோஷம் அவனுக்கும் இல்லாமலில்லை. பிறகு அவன் தட்டவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. பீரைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. நிலவறையில் இறங்கிய பீர் ஹீனெக்கின் பொறுப்பு, என்ன கோபமானாலும் அதை அவன் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டான். அவ்வளவு நம்பிக்கை.

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடும். க்வேத்தா வாசலைப் பெருக்குவாள். லுபோஷ் தும்மினால்கூட இங்கே கேட்கும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஹீனெக்குக் கீழே இருக்கும் பாத்திரம் நினைவுக்கு வரும். சொல்லிவிடலாம் என்று தோன்றும். அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு சொல்லலாம் என்றும் தோன்றும். எதற்கு மன்னிப்பு என்று லுபோஷுக்குத் தெரியாதே என்பதுதான் தோன்றவில்லை. ஒரு நாள் இரண்டு நாளாயிற்று, வாரமாயிற்று, மாதம் ஒன்று ஓடிவிட்டது.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு ஷார்க்கா வந்தாள். கையில் காகிதத் தட்டு, அதன்மேல் கல்யாணத்துக்கு முன் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கும் கொலாச்சே. பாலாடைக்கட்டியும் பிளம் கூழும் கசகசாவும் வைத்துச் சுட்ட, ஒரே வாயில் போடக்கூடிய சின்னச் சின்ன ரொட்டிகள்.

"முதல் தட்டு உங்களுக்குத்தான், ஹீனெக் மாமா. அம்மா சொன்னாங்க."

"நல்லா இரும்மா" என்றான் அவன்.

"நீங்களும் அப்பாவும் ஏதோ மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு இருக்கீங்களாமே? கல்யாணத்தன்னைக்காவது சிரிங்க, போட்டோல விழும்." அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "அப்பா உங்களைப் பத்தி என் மாமனார்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'காய்ச்சறது என் வேலை, அதை எவனும் செய்வான். அதைப் பீரா ஆக்கறவன் பக்கத்து வீட்டுல இருக்கான், கல்யாணத்துல காட்டறேன்'னு. மாமனார் உங்களைப் பார்க்கணும்னு துடிச்சிட்டு இருக்கார்."

"எப்போ சொன்னான்?" என்றான் ஹீனெக்.

"மாமனார் வந்திருந்த அன்னைக்குத்தான், பீர்க்கடையில. நீங்க வருவீங்கன்னு ரொம்ப நேரம் உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருந்தாராம்."

அவள் போனதும் ஹீனெக் நிலவறைக்கு ஓடினான். பாத்திரத்தை விரலால் தட்டிப் பார்த்தான். சாக்கட்டிக் கோட்டுக்குக் கீழே மந்தமாக ஒலித்தது, மேலே கணீரென்றது. அந்தக் கணீர் முழுக்கக் காற்று. குழாயைத் திறந்து ருசி பார்க்கக்கூடத் துணிவில்லை. இப்போதே போய்ச் சொல்லிவிடுவது என்று லுபோஷ் பக்கத்துப் படியில் ஏறி, கதவு வரை போனான். உள்ளே லுபோஷ் யாருடனோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் இப்படிச் சிரிக்கிறவனிடம் எப்படிப் போய் இதைச் சொல்வது? ஒருவேளை கெடாமலும் இருக்கலாமே? நாளைக் காலையில் சொல்லலாம். தட்டத் தூக்கிய கையைக் கீழே போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டான்.

மறுநாள் காலையில் வந்தது லுபோஷ்தான். பாட்டிலில் அடைக்க இறங்கியிருக்கிறான். கையில் ஒரு கண்ணாடிக் குவளை. பொன்னிறமாக இருக்க வேண்டியது தேநீர் நிறத்தில் இருந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹீனெக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"குடிச்சுப் பாரு."

ஹீனெக் ஒரு வாய் குடித்தான். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஹாப்ஸின் கசப்பு செத்துப்போய், ஏதோ ஒரு பழைய இனிப்பு மட்டும் நாக்கில் ஒட்டியது.

"உன் பாதியை எடுத்துட்டே. சரி, அது உன்னது" என்றான் லுபோஷ். "என் பாதிக்கு மேல என்னத்தை வெச்சுட்டுப் போனே?"

"நான் ஒண்ணும் வைக்கலியே, லுபோஷ். சத்தியமா."

"அதான்."

ஹீனெக் குவளையைப் பார்த்தபடி சொன்னான். "அன்னைக்கு பீர்க்கடையில நீ 'என் பீர்'னு சொன்னியே, அதைக் கேட்டுட்டு..."

"அதைக் கேட்டியா? அதுக்கப்புறம் சொன்னதைக் கேட்டியா?"

"நேத்துதான் தெரியும்."

"நேத்துத் தெரிஞ்சுதா?" லுபோஷ் குவளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நேத்தும் நீ வரலை."

அன்று மத்தியானம் ஹீனெக் தன் பாதியை, அத்தனை பாட்டில்களையும், பெட்டி பெட்டியாகத் தூக்கிக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்தான். க்வேத்தா வெளியே வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"எடுத்துட்டுப் போ, ஹீனெக். அவன் வேண்டாங்கறான்."

"கல்யாணத்துக்குன்னே வெச்சிருந்தேன், க்வேத்தா. முதல்லேர்ந்தே. யித்காவைக் கேளு."

"நீ நல்ல மனசோடதான் வெச்சிருப்பே. நான் நம்பறேன். ஆனா உன்னது நல்லாவும் அவனது கெட்டும் இருக்கறப்ப, அந்த நல்ல பீரை அவன் எந்த வாயால குடிப்பான்?" அவள் உள்ளே போகத் திரும்பி, நின்றாள். "நான் அன்னைக்கே ரெண்டா வாங்குங்கன்னேன்."

கல்யாணத்தில் கம்பெனி பீர் ஊற்றினார்கள். ஹீனெக்கும் யித்காவும் போனார்கள். போகாமல் இருந்தால் ஊர் பேசும். ஊர் வழக்கப்படி மணமக்கள் ஒரே தட்டில் ஒரே கரண்டியால் சூப் குடித்தபோது எல்லோரும் சிரித்தார்கள், ஹீனெக்கும் பல்லைக் காட்டினான். சம்பந்தி வந்து, "நீங்கதானா அது? எங்கே உங்க பீர்?" என்று கேட்டார். "இந்தத் தடவை சரியா வரலைங்க" என்றான். பிறகு லுபோஷ் ஒவ்வொரு மேஜையாக வந்தான். குவளையை இடிக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் இடித்தால் அது இடித்ததே ஆகாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். லுபோஷ் ஹீனெக்கின் குவளையை இடித்தான். பார்வை குவளையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து ஹீனெக் தன் பாட்டில் ஒன்றைத் திறந்தான். அவர்கள் இதுவரை போட்டதிலேயே அதுதான் சிறந்த பீர். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. யித்கா மீதியைத் தொட்டியில் கொட்டினாள்.

வெயில் காலம் முழுக்க ஐம்பது லிட்டர் பாத்திரம் நிலவறையில் வெறுமையாகக் கிடந்தது. "நீயே வெச்சுக்கோ" என்று க்வேத்தா மூலம் சொல்லி அனுப்பியிருந்தான் லுபோஷ். வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹீனெக்கிடம் அதை நிரப்பும் அளவுக்குப் பானை கிடையாது, பானை லுபோஷுடையது. சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று இலையுதிர் காலத்தில் அந்தப் பழைய கடைக்குப் போனான். கடைக்காரப் பெண்ணுக்கு அவனை நினைவில்லை.

"எத்தனை பேருக்கு?" என்றாள் எப்போதும்போல.

ஹீனெக் பத்து லிட்டர் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். கனமே இல்லை. ஒரு கையால் தூக்கலாம். யாரும் மறுபக்கம் பிடிக்க வேண்டாம். "அப்புறம் வர்றேன்" என்று வைத்துவிட்டு வந்தான்.

அதற்கு அடுத்த வாரம் உருளைக்கிழங்கு எடுக்க இறங்கியவன் பிளாஸ்டிக் முறுகுவதுபோல் ஒரு சத்தம் கேட்டு நின்றான். எதிர்ச் சுவரோரம் புதிதாக ஒரு பிளாஸ்டிக் பாத்திரம். இருபத்தைந்து லிட்டர். லுபோஷ் தனக்கென்று வாங்கியிருக்கிறான். பழைய பெரிய பானையில் பழக்கதோஷத்தில் காய்ச்சியவன், மீதியைக் கொட்ட மனம் வராமல் வாய் வரைக்கும் ஊற்றி வைத்திருக்கிறான். நிலவறையில் இறங்கிய பீரை அவன் ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லையே. பொங்கிய நுரை வாயு போகும் குழாயில் ஏறி அடைத்துக்கொண்டிருந்தது. மூடி மேலே வளைந்து நின்றது. இன்னும் சிறிது நேரத்தில் கூரை வரை தெறிக்கும்.

அடுத்தவன் பாத்திரத்தைத் தொடும் உரிமை தனக்கு இனி இல்லை என்று ஹீனெக்குத் தோன்றியது. கூடையைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க லுபோஷ் பக்கத்துப் படியில் ஏறிக் கதவைத் தட்டினான். படபடவென்று தட்டினான்.

கதவு திறந்தது. லுபோஷ் காலுறையோடு நின்றான்.

"பொங்குது" என்றான் ஹீனெக். "குழாய் அடைச்சிருக்கு. மூடி பிச்சுக்கப் போகுது."

லுபோஷ் அப்படியே இறங்கி வந்தான். இருவரும் குனிந்தார்கள். ஹீனெக் துணியை விரித்துப் பிடிக்க, லுபோஷ் குழாயை மெதுவாகப் பிடுங்கினான். உஸ்ஸென்று சீறி, நுரை இருவர் கையிலும் வழிந்தது. யாரும் சொல்லாமலே ஒருவன் வாளியை நகர்த்தினான், ஒருவன் பாத்திரத்தைச் சாய்த்தான். மேலே நான்கு விரல் இடம் கிடைக்கும்வரை வடித்தார்கள். பழைய பழக்கம், கைகளுக்குச் சண்டை தெரியாது. ஹீனெக்குக் கண் கலங்கியது. நுரை தெறித்ததுபோல் முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

லுபோஷ் குழாயைக் கழுவி மறுபடி செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்தினான். தண்ணீரில் குமிழி ஒன்று எழுந்து உடைந்தது, பிறகு இன்னொன்று. அவன் நிமிர்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக, ஹீனெக்கின் கண்ணைப் பார்த்தான்.

"இதே மாதிரி அன்னைக்கும் ஒரு தடவை தட்டியிருக்கலாமேடா" என்றான்.

ஹீனெக் குனிந்து, தரையில் வழிந்திருந்த நுரையைத் துணியால் துடைத்தான். லுபோஷ் விளக்கை அவனுக்காக எரியவிட்டுவிட்டு, தன் படியில் ஏறிப் போனான். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹீனெக் ஈரத் துணியைப் பிழிந்து, இரண்டு பாத்திரங்களுக்கும் நடுவே இருந்த கொடியில் காயப்போட்டான்.